நீரின் மூன்று நிலைகளும் கமத்தொழிலும்

மார்கழி தொடக்கம் மாசி வரையுள்ள காலத்தில், நுவரெலியாப் பகுதியிலே மாலையிற் பச்சைப்பசேலென நின்ற உருளைக்கிழங்குப் பாத்தி, மறுநாள் உச்சிப்பொழுதிற் கருகிக் கிடப்பதுண்டு. ஆடி மாதத்தில் வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் துருசு திறவாதிருக்கவும் குளத்தின் நீர்மட்டம் நாள்தோறும் இறங்குவதுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கோடை முற்றிக் கிணற்று நீர் தாழ்ந்ததும், நேற்றுவரை செவ்வனே இறைத்த பம்பி இன்று ஓடியும் நீர் தராது நிற்பதுண்டு. இவை மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இடையூறுகள் போலத் தோன்றும். ஆயினும் இவற்றின் அடியிலே இருப்பது ஒரே செய்திதான். நீர் தன் நிலையை மாற்றிக்கொள்ளுகின்றது என்பதே அச்செய்தி.

நீர் எப்பொழுது உறையும், எப்பொழுது ஆவியாகும், எப்பொழுது மீண்டும் துளியாகும் என்பவற்றைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று வெப்பநிலை, மற்றையது அமுக்கம். இவ்விரண்டையும் விளங்கிக்கொண்ட கமக்காரர், தமக்கு வரும் இழப்புகளிற் சிலவற்றை முன்கூட்டியே தடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய அளவு விளக்கமும், அதன்வழிச் செய்யவேண்டிய செயல்களும் இங்கே கூறப்படுகின்றன.

1. மூன்று நிலைகள்

நீர் பனிக்கட்டியாக இருக்கும்போது திண்மம். நீராக இருக்கும்போது திரவம். நீராவியாக இருக்கும்போது வாயு. நிலை மாறினும் பொருள் மாறுவதில்லை. நீரானது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துணிக்கைகளால் ஆயது. பனிக்கட்டியில் இத்துணிக்கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, வரிசையாக நிற்கின்றன. வெப்பம் ஏற ஏற அவற்றின் அசைவு மிகுந்து, பிடி தளர்ந்து, அவை ஒன்றன்மேலொன்று புரளத் தொடங்குகின்றன. அதுவே திரவ நீர். அசைவு இன்னும் மிகுந்தவிடத்து, மேற்பரப்பிலுள்ள துணிக்கைகள் கூட்டத்தை விட்டுக் காற்றிற் பறந்துவிடுகின்றன, அதுவே நீராவி.

நீராவியைக் கண்ணாற் காணமுடியாது. கொதிக்கும் கேத்தலின் மூக்கிலிருந்து வெண்ணிறமாய் எழுவது, வெளிக்காற்றிற் குளிர்ந்து மீண்டும் நுண்ணிய துளிகளாய் மாறிய நீரேயன்றி நீராவியன்று. மூடுபனியும் முகிலும் இத்தகைய துளிகளே.

கடல்மட்டத்தில் நீர் 0 பாகை செல்சியசிற் பனிக்கட்டியாகும். 100 பாகையிற் கொதிக்கும். (இனிப் பாகை என்று கூறப்படுவதெல்லாம் செல்சியசுப் பாகையே.) ஆனால் ஆவியாதற்கு நீர் கொதிக்கவேண்டுமென்பதில்லை. 30 பாகையிலும் 10 பாகையிலுங்கூட நீரின் மேற்பரப்பிலிருந்து துணிக்கைகள் ஓயாது வெளியேறிக்கொண்டேயிருக்கும். கொடியிலே போட்ட வேட்டி உலர்வதும், குளம் வற்றுவதும் இவ்வாறே.

2. மறைந்து நிற்கும் வெப்பம்

நிலை மாறும்போது நீர் வெப்பத்தை வாங்கும் அல்லது கொடுக்கும். கமக்காரர் இதனை நன்கு மனத்தில் இருத்தவேண்டும்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகையால் உயர்த்துவதற்கு ஒரு கலோரி வெப்பம் தேவை. எனவே உறைநிலையிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். ஆனால் கொதிநிலையை அடைந்த அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்குவதற்கு மேலும் 540 கலோரி வேண்டும். இவ்வளவு வெப்பத்தையும் உட்கொண்டபோதிலும் வெப்பமானி 100 பாகையை விட்டு அசைவதில்லை. வெப்பமானியிற் காட்டாது ஆவியினுள்ளே ஒளிந்து நிற்பதால் இதற்கு மறைவெப்பம் என்பது பெயர். சாதாரண வெயிலில், 30 பாகையளவில், நீர் ஆவியாகும்போது கிராமொன்றுக்கு ஏறக்குறைய 580 கலோரியை வாங்கும். பனிக்கட்டி உருகும்போது கிராமொன்றுக்கு 80 கலோரியை வாங்கும்.

இக்கணக்கு எதிர்த்திசையிலும் பொருந்தும். ஆவி மீண்டும் நீராகும்போது தான் வாங்கிய வெப்பம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கும். நீர் பனிக்கட்டியாகும்போதும் 80 கலோரியைக் கொடுக்கும். எனவே, ஆவியாதல் குளிரச்செய்யும். ஒடுங்குதலும் உறைதலும் வெப்பந்தரும். மண்பானை நீர் குளிர்ந்திருப்பதும், கொதிநீராவி பட்ட புண் கொதிநீர் பட்ட புண்ணினும் கொடியதாவதும் இதனாலேயே.

3. அமுக்கம் செய்யும் மாற்றம்

நமக்கு மேலுள்ள காற்றுக்கும் நிறையுண்டு. அந்நிறை கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வீதம் அழுத்திக்கொண்டிருக்கின்றது. இதனை வளிமண்டல அமுக்கம் என்பர். கலிலியோவின் மாணாக்கரான தொரிசெல்லி என்பார் 1643ஆம் ஆண்டில் இதனை இரசத்தைக் கொண்டு அளந்து காட்டினார். காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் உயரமான இரசத்தைத் தாங்கி நிறுத்தும். நீர் இரசத்தினும் 13.6 மடங்கு இலேசானது. ஆகவே அதே அமுக்கம் 10.3 மீற்றர், அதாவது ஏறக்குறைய 34 அடி உயரமான நீரைத் தாங்கும். இவ்வெண் பின்னர்ப் பம்பியைப் பற்றிக் கூறுமிடத்து வேண்டப்படும்.

நீர் கொதிப்பதென்றால், அதன் உள்ளேயே ஆவிக்குமிழிகள் தோன்றி வெளிவருவதாகும். வெளியே அழுத்தும் காற்றை எதிர்த்தே குமிழிகள் விரியவேண்டும். அமுக்கம் குறையுமிடத்து எதிர்ப்புக் குறைவதால், நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். மலையேறும்போது நமக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைகின்றது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்திற்கும் கொதிநிலை ஒரு பாகை வீதம் இறங்கும். 1,850 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதிக்கின்றது. அங்கே பருப்பு வேகக் கூடிய நேரம் செல்வது விறகின் குற்றத்தாலன்று. கொதிக்கும் நீரே அங்கு வெப்பங் குறைந்ததாய் இருப்பதனாலாகும்.

இதற்கு மாறாக, மூடிய பாத்திரத்திலே ஆவி வெளியேறாது தடுக்கப்பட்டால் அமுக்கம் ஏறும், கொதிநிலையும் ஏறும். அமுக்கம் சாதாரண காற்றினைப்போல் இருமடங்காகும்போது நீர் ஏறக்குறைய 120 பாகையிலேயே கொதிக்கும். அமுக்கச் சமையற் பாத்திரம் விரைவில் வேகவைப்பது இதனாலாகும்.

உறைநிலையோ இவ்வாறு அமுக்கத்துக்கு இணங்குவதில்லை. ஒரு வளிமண்டல அமுக்கம் கூடினாலும் குறைந்தாலும் உறைநிலை ஒரு பாகையின் நூற்றிலொரு பங்குதானும் மாறாது. எனவே யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் நீர் 0 பாகையிலேயே உறையும். யாழ்ப்பாணத்திற் காற்று அவ்வளவுக்குக் குளிர்வதில்லை; நுவரெலியாவிற் சில இரவுகளில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்துவிடுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

4. கிணறும் பம்பியும்

பம்பி நீரை இழுக்கின்றது என்று நாம் கூறுவது வழக்கம். உண்மையில் அது இழுப்பதில்லை. உறிஞ்சு குழாயிலுள்ள அமுக்கத்தை அது குறைக்கின்றது; கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. காற்றினால் தாங்கக்கூடியது 34 அடி நீர் மாத்திரமே என்பது மேலே கூறப்பட்டது. ஆகவே எத்துணை வலுவுள்ள பம்பியை வாங்கினாலும், நிலத்தில் நின்றுகொண்டு 34 அடிக்குக் கீழுள்ள நீரை அது உறிஞ்சமாட்டாது.

நடைமுறையில் இவ்வெல்லை இன்னும் குறுகியது. குழாயின் உராய்வினாலும் பொருத்துகளிற் காற்றுப் புகுவதாலும் ஒரு பகுதி இழக்கப்படும். அன்றியும், குழாயினுள் அமுக்கம் மிகத் தாழ்ந்தால் நீர் அங்கேயே கொதித்துவிடும். 30 பாகை வெப்பமுள்ள சாதாரணக் கிணற்று நீர், அமுக்கம் 32 மில்லிமீற்றர் இரச அளவுக்கு இறங்கும்போது, நெருப்பேதுமின்றிக் கொதிக்கத் தொடங்கும். இவ்வாறு தோன்றும் ஆவிக்குமிழிகள், பம்பியின் சுழல்சில்லினுள் அமுக்கம் ஏறும் இடத்தை அடைந்ததும் சடுதியாக ஒடுங்கி உடைகின்றன. அவ்வேளையிற் பம்பியினுள்ளே பரல்கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்கும். இவ்வோசையைப் பொருட்படுத்தாது தொடர்ந்து இயக்கினால், ஒடுங்கும் குமிழிகளின் அடியினாற் சில்லின் உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழிவிழுந்து பழுதாகும்.

எனவே கமக்காரர் கவனிக்கவேண்டியவை வருமாறு:

(அ) பம்பியிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தைக் கோடையின் கடைசி வாரங்களில் அளந்து பார்க்கவேண்டும். மாரியில் அளந்த ஆழத்தை நம்பிப் பம்பியை வாங்குதல் ஆகாது. தாழ்நிலங்களில் இவ்வாழம் 20 அடிக்கு மேற்படாதிருத்தல் நன்று. நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களிற் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தினும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகையால் 16 அடிக்கு மேற்படலாகாது.

(ஆ) உறிஞ்சு குழாய் அகன்றதாயும், கட்டையானதாயும், வளைவுகள் குறைந்ததாயும் இருக்கவேண்டும். அடிவால்வின் வலையிற் சேறும் இலையும் அடையாது பார்த்துக்கொள்ளவேண்டும்.

(இ) ஆழம் இதனினும் மிகுந்தவிடத்து, நீருள் மூழ்கி நின்று மேல்நோக்கித் தள்ளும் மின்பம்பியே ஏற்றது. தள்ளுதற்கு 34 அடி எல்லை இல்லை.

(ஈ) நீர்மட்டத்தை அணுகவேண்டுமென்று கருதி, எண்ணெயால் இயங்கும் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் எக்காரணங்கொண்டும் ஆகாது. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் அது தங்கிநின்று, இறங்குபவரையும் அவரை மீட்கச் செல்பவரையும் சில நிமிடங்களிற் கொல்லவல்லது.

5. வயலிலும் தோட்டத்திலும் ஆவியாதல்

ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ 4,000 இலீற்றராகும். வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் 5 மில்லிமீற்றர் ஆவியாகின்றதெனக் கொள்வோமாயின், குளத்தின் ஒவ்வோர் ஏக்கர் பரப்பிலிருந்தும் அன்றைக்கு 20,000 இலீற்றர் நீர் காற்றோடு போய்விடுகின்றது. ஆழமற்று அகன்று கிடக்கும் குளம், ஒடுங்கி ஆழ்ந்த குளத்தினும் விரைவில் வற்றுவது இதனாலேயே. தூர்ந்த குளத்தை ஆழமாக்குதல் கொள்ளளவைக் கூட்டுவதோடு, அதே அளவு நீருக்கு வெயில்படும் பரப்பையும் குறைக்கின்றது.

ஆவியாதலை மிகுவிப்பவை வெயிலின் வெப்பம், காற்றின் வரட்சி, காற்றின் வேகம் என்பனவாகும். வீசாத காற்று ஈரம் நிறைந்து, மேலும் ஆவியை ஏற்க இடமின்றி நிற்கும். வீசுங்காற்றோ ஈரத்தை அள்ளிச் சென்று வரண்ட காற்றைக் கொண்டுவரும். யாழ்ப்பாணத்திற் சோளகமும் மட்டக்களப்பிற் கச்சானும் வீசுங்காலத்தில் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியவற்றின் பாத்திகள் விரைந்து காய்வதற்கு இதுவே காரணம். காற்று வரும் திசையிற் கிளுவை, பூவரசு முதலிய உயிர்வேலிகளை நெருங்க நட்டால், வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். பாத்திகளின்மேல் வைக்கோல் அல்லது உலர்ந்த சருகு பரப்பினால் மண்ணின்மேல் வெயிலும் காற்றும் நேரே படாது தடுக்கப்படும். மேலாக அடிக்கடி சிறிது நீர் தெளிப்பதனால், தெளித்த நீரின் பெரும்பகுதி வேரை அடையுமுன் ஆவியாகிவிடும். வேர்மட்டம் வரை நனையுமாறு காலையில் அல்லது மாலையிற் பாய்ச்சுவதே சிக்கனமானது.

ஆவியாதல் எப்பொழுதும் இழப்பேயென்று எண்ணலாகாது. பயிரின் இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்ளுகின்றன. நெற்பயிர் பூக்கும் நாட்களில் இது மிகவும் வேண்டப்படுவதாகும். நெற்பூ முற்பகலிற் சிறிது நேரமே விரிந்திருக்கும். அந்நேரத்திற் கதிரின் வெப்பநிலை 35 பாகைக்கு மேற்பட்டு ஒரு மணித்தியாலமளவு நின்றாலும் மகரந்தம் பழுதுற்று, மணிகள் பதராகும். காற்று வரண்டிருந்தாற் கதிர் நீரை ஆவியாக்கி வெளிக்காற்றினும் சில பாகை குளிர்ந்து தப்பிக்கொள்ளும். காற்று அசைவற்று, ஈரமும் நிறைந்து புழுக்கமாயிருப்பின் அவ்வழி அடைபட்டு விடும். ஆகையால் பூக்கும் பருவத்தில் வயலை வரளவிடாது நீர் கட்டிவைத்தல் அவசியம். தமது பிரதேசத்தின் மிக வெப்பமான வாரங்களிற் பயிர் பூக்காதவாறு, இனத்தின் வயதைக் கணித்து விதைக்கும் நாளைத் தெரிந்தெடுத்தல் அதனினும் சிறந்தது.

6. பனித்துளியும் உறைபனியும்

குளிர்ந்த காற்றைவிட வெப்பமான காற்று கூடிய நீராவியைத் தாங்கும். காற்று குளிர்ந்துகொண்டு செல்லும்போது, தன்னிடமுள்ள ஆவியைத் தாங்கமுடியாத ஒரு வெப்பநிலையை அடையும். அதனைப் பனிபடுநிலை என்பர். அதற்குக் கீழ்ச் சென்றதும் ஆவி ஒடுங்கி, இலைகளிலும் புல்லிலும் துளியாகப் படியும். இலைகளில் ஈரம் நெடுநேரம் நிற்பது நெல்லின் எரிபந்த நோயையும் உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோயையும் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வாய்ப்பாகும். ஆதலால் நடுகையில் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் உண்டாக்குதல் நன்று.

பனிபடுநிலை 0 பாகைக்குக் கீழிருந்தால், ஆவி துளியாகாது நேரே பனிக்கட்டியாகப் படியும். அதுவே வெண்ணிற உறைபனி. காற்று மிகவும் வரண்டிருந்தால் வெண்மை தோன்றாமலே இலை உறைந்து கருகுவதுமுண்டு. இலையிலே வெண்மை காணப்படவில்லையென்பதனால் உறைபனி வரவில்லையென்று துணிதல் தவறு.

இலையினுள் நடப்பது யாது? உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நீர் முதலில் உறையும். உறைந்த அப்பனிக்கட்டி அணுக்களினுள்ளிருந்து நீரை வெளியே இழுத்துத் தானும் வளரும். நீரை இழந்த அணுவின் மென்சவ்வு சிதையும். வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகியதும், நீரைத் தாங்கும் வலுவற்ற இலை நனைந்த துணிபோலத் தொய்ந்து கறுக்கும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு என்பன இதற்கு எளிதில் இரையாகும். கோவா, லீக்ஸ், கரட் என்பன சிறிதளவு உறைபனியைத் தாங்கும்.

உறைபனி வரும் இரவை மாலையிலேயே ஊகிக்கலாம். முகிலற்ற வானம், அசைவற்ற காற்று, வரண்ட காற்று ஆகிய மூன்றும் கூடிவரின் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலமும் இலையும் இரவில் வானை நோக்கி வீசுகின்றன. முகில் இருந்தால் அது போர்வைபோல் நின்று அவ்வெப்பத்திற் பெரும்பகுதியைத் திருப்பித்தரும். முகிலில்லையேல் வெப்பம் போய்விடும். அத்தகைய இரவில் இலையின் வெப்பநிலை, நான்கடி உயரத்திற் கட்டிய வெப்பமானி காட்டும் அளவிலும் 3 அல்லது 4 பாகை தாழ்ந்திருக்கக்கூடும். எனவே வெப்பமானி 4 பாகையைக் காட்டும்போதே இலை உறைநிலையை அணுகிவிட்டதெனக் கொள்ளவேண்டும்.

காற்றின் வரட்சியை அறிய எளிய வழியொன்றுண்டு. ஒரேமாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றன் குமிழை நனைந்த மெல்லிய துணியாற் சுற்றி, இரண்டையும் நிழலில் வைத்து விசிறுக. ஈரத்துணி நீரை ஆவியாக்கிக் குளிர்வதால் அவ்வெப்பமானி தாழ்ந்து காட்டும். இரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாடு மிகுந்திருந்தாற் காற்று வரண்டதென்பதும், இரவிற் குளிர் கடுமையாக இறங்கக்கூடுமென்பதும் பெறப்படும். ஈரமான காற்றிற் பனித்துளி முன்னரே படிந்து, ஒடுங்கும்போது தரும் வெப்பத்தாற் குளிர்வதைத் தாமதப்படுத்தும். வரண்ட காற்றில் அவ்வுதவி இல்லை.

7. உறைபனியிலிருந்து பயிரைக் காத்தல்

(அ) இடந்தெரிதல்: குளிர்ந்த காற்று பாரமானது. அது நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்திற் தேங்கும். எளிதிற் கருகும் பயிர்களைப் பள்ளங்களில் நடாது மேட்டுச் சரிவுகளில் நடுக. தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி இருப்பின், குளிர்காற்று அணைகட்டியதுபோல் அங்கே தேங்கும். அதன் அடியை வெட்டி வழிவிடுக.

(ஆ) மண்ணை நனைத்தல்: ஈரமண் உலர்மண்ணினும் கூடிய வெப்பத்தைப் பகலிற் சேமித்து இரவிற் கொடுக்கும். ஆபத்துத் தோன்றும் நாளின் முற்பகலிலேயே நீர் பாய்ச்சுக. மண்ணின்மேற் பரப்பிய வைக்கோல் கோடையில் நன்மை தருவதாயினும், உறைபனிக் காலத்தில் மண்ணின் வெப்பம் மேலே வராது தடுக்கும். அதனை நீக்கி, வேண்டுமானாற் பயிரின் மேலே போர்வையாக இடுக. விடிந்து வெயில் ஏறியதும் போர்வையை நீக்கிவிடுக.

(இ) நீர் தூவுதல்: தூவல் நீர்ப்பாய்ச்சி உள்ளவர்கள் இலை உறையத் தொடங்குமுன் நீர் தூவலாம். இலைமேல் உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரியைக் கொடுத்து, இலையை 0 பாகைக்குக் கீழ்ப் போகாது தாங்கும். ஆயின் இதில் ஓர் அபாயமுண்டு. தூவுவதை இடையில் நிறுத்தினால் ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகத் தொடங்கும். அவ்வாறு ஆவியாகும் ஒரு கிராம் நீர் ஏறக்குறைய 600 கலோரியை இலையினின்றும் பறிக்கும். ஏழு கிராம் நீர் உறைந்து கொடுத்த வெப்பத்தை ஒரு கிராம் நீர் ஆவியாகி எடுத்துவிடுமாகையால், இடையில் நிறுத்துவது தூவாமலே விடுவதினும் கேடானது. தொடங்கினால், வெயிலேறிப் பனிக்கட்டி முழுவதும் உருகித் தீரும்வரை விடாது தூவவேண்டும். அதற்குப் போதிய நீரும் எண்ணெயும் இல்லாதவர்கள் தொடங்காதிருப்பதே நன்று.

(ஈ) புகை மூட்டுதல்: ஈரச்சருகை எரித்துப் புகை மூட்டுவதாற் பயன் மிகக் குறைவு. முகிலைப்போல வெப்பத்தைத் தடுத்துத் திருப்பும் ஆற்றல் புகைக்கு இல்லை.

காலையில் நீர் ஊற்றி இலைமேலுள்ள பனிக்கட்டியைக் கரைக்கலாம். ஆனால் இரவிலே இறந்த அணுக்களை அது உயிர்ப்பிக்கமாட்டாது. செயல் முதல்நாளிலேயே தொடங்கப்படவேண்டும்.

8. நெல்லைப் புழுக்குதலும் உலர்த்துதலும்

ஊறவைத்த நெல்லைக் கொதிநீராவியிற் புழுக்கும்போது, நெல்லின்மேல் ஒடுங்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் 540 கலோரியைக் கொடுக்கின்றது. கொதிநீர் 100 பாகையிலிருந்து 70 பாகைக்குக் குளிர்ந்து கொடுப்பதோ 30 கலோரியே. ஆவியிற் புழுக்குவது விரைவாகவும் ஒரே சீராகவும் நடப்பதன் காரணம் இதுவே.

ஆனால் ஆவியை அடைத்துவைத்தல் ஆகாது. ஓர் இலீற்றர் நீர் ஆவியாகும்போது 1,600 இலீற்றருக்கும் மேற்பட்ட இடத்தை நாடும். எண்ணெய்ப் பீப்பாவிற் புழுக்குவோர் சிலர், மூடியை இறுக்கி மேலே கல்லேற்றுவதுண்டு. உள்ளே அமுக்கம் வெளிக்காற்றைப் போல் இருமடங்கானால், அத்தகைய மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை 2,500 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். பீப்பா வெடித்தால் அருகில் நிற்போர் தப்புவது அரிது. ஆவி வெளியேற எப்பொழுதும் தடையற்ற வழி இருக்கவேண்டும். மூடியைச் சாக்கினால் மூடுவதே போதும்.

அறுவடையின்போது நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் ஈரம் இருக்கலாம். களஞ்சியப்படுத்துதற்கு அது 14 வீதத்துக்கும், விதைநெல்லாயின் 13 வீதத்துக்கும் இறங்கவேண்டும். 22 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால், ஏறக்குறைய 9 கிலோகிராம் நீர் ஆவியாகி நீங்கும். இதனை விரைந்து செய்துமுடிக்க எண்ணிக் கொதிக்கும் சீமெந்துத் தளத்தில் மெல்லிதாகப் பரப்பினால், மணியின் புறம் உலர்ந்து சுருங்க அகம் ஈரமாயிருக்கும். மணி வெடித்து, குற்றும்போது குறுணல் மிகும். இரண்டங்குலக் கனத்திற் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறி, உச்சி வெயிலிற் குவித்து மூடி உலர்த்துக. உலர்ந்த நெல்லைச் சூடு ஆறுமுன் சாக்கிற் கட்டலாகாது. சூடான நெல்லிலிருந்து எழும் ஆவி, இரவிற் குளிரும் சாக்கின் ஓரத்திலும் தகர உருளையின் சுவரிலும் துளியாக ஒடுங்கி, பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்.

நினைவில் வைக்கவேண்டியவை

ஆவியாதல் வெப்பத்தை எடுக்கும்; ஒடுங்குதலும் உறைதலும் வெப்பத்தைக் கொடுக்கும்.

அமுக்கம் குறையுமிடத்து நீர் எளிதிற் கொதிக்கும். ஆகவே பம்பியை நீர்மட்டத்துக்கு அணித்தாக வைக்கவேண்டும். ஆனால் எண்ணெய் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கலாகாது.

அடைபட்ட ஆவி ஆபத்தானது. புழுக்கும் பாத்திரத்துக்கு வழி விடவேண்டும்.

தெளிந்த வானமும் அசைவற்ற வரண்ட காற்றும் மலைநாட்டில் உறைபனியின் முன்னறிவிப்பாகும். தூவத் தொடங்கிய நீரை உருகும்வரை நிறுத்தலாகாது.

பூக்கும் பருவத்தில் நெல்வயலில் நீர் குறையலாகாது.

தமது நிலத்துக்கும் கிணற்றுக்கும் ஏற்ற முறைகளை அறிய விரும்பும் கமக்காரர், கோடையில் அளந்த நீர்மட்டத்தையும், உறைபனி படியும் பாத்திகள் இன்னவையென்பதையும் குறித்துக்கொண்டு தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக. குறிப்போடு வருபவருக்கு அவரது நிலத்துக்குப் பொருந்திய ஆலோசனையைக் கூறுதல் எளிதாகும்.